கார்போகரிசி: ஒரு விதை, இரு குணம்

அரிசி என்னும் சொல் தமிழில் நெல்லுக்கு மட்டும் உரியதன்று. மூங்கிலரிசி, ஏலரிசி, வெட்பாலையரிசி எனச் சிறு வித்துகள் பலவற்றையும் நம் முன்னோர் அரிசி என்றே அழைத்தனர். அந்த வரிசையில் வருவதுதான் கார்போகரிசி. நாட்டுமருந்துக் கடைக்குச் சென்று நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டால் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு ஆகியவற்றோடு ஒரு சிறு பொட்டலமாக இதுவும் வந்து சேரும். கறுத்த நிறம், மிளகினும் சிறிய, சற்றே நீண்ட வடிவம், கடித்தால் கசப்பும் காரமும். உண்மையில் இது தனி விதையன்று. ஒற்றை விதையை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் சிறு காய். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி ஒன்றில் விளைவது.

இந்த எளிய சரக்கு இன்று உலக ஒப்பனைச் சந்தையில் வேறொரு பெயருடன் உலவுகிறது. முகக் களிம்புகளின் மேலட்டையில் 'பாகுச்சியால்' என்ற பெயரை வாசகர்கள் கண்டிருக்கலாம். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாலுக்குத் தாவர உலகம் தந்த மாற்று என்று அதை விற்கிறார்கள். வீட்டிலேயே லோஷன் கலந்துகொள்வோரும் அதைத் தேடி வாங்கிச் சேர்க்கின்றனர். அந்தப் பாகுச்சியால் பிறந்த இடம் நம் கார்போகரிசிதான்.

பாட்டி அறிந்ததை அறிவியல் இப்போதுதான் கண்டுபிடித்தது என்று மகிழ்ந்து இக்கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் வரலாறு அவ்வளவு நேராகச் செல்லவில்லை. இந்த விதைக்குள் இரண்டு பொருட்கள் குடியிருக்கின்றன. ஒன்று தோலுக்கு இதமானது. மற்றொன்று வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்க வல்லது. இவ்விரண்டையும் மனிதர்கள் எப்படிக் கையாண்டு வந்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போகும் வரலாறு.

பெயர்களின் பயணம்

வடமொழி மருத்துவ நூல்கள் இவ்விதையைப் பாகுசி என்றும், அவல்குஜம் என்றும், சோமராஜி என்றும் குறிக்கின்றன. தோல்நோய்களைக் கூறும் பகுதிகளில், குறிப்பாக வெண்புள்ளி நோய்க்கான மருந்துகளில், இப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதர்வ வேதத்தில் வெண்புள்ளியைப் போக்குமாறு ஒரு கரிய மூலிகையை வேண்டும் பாடல்கள் உள்ளன. அம்மூலிகை பாகுசியே எனக் கூறுவோர் உண்டு. ஆயினும் பாடலில் உள்ள பெயர்களைக் கொண்டு அதை உறுதிசெய்ய இயலாது. பழமையை நாடும் ஆர்வத்தில் இத்தகைய இடங்களில் நாம் சற்று நிதானித்துச் செல்வது நல்லது. சரகரையும் சுசுருதரையும் நெருங்கும்போதுதான் நமக்குத் திடமான தரை கிடைக்கிறது.

இவ்விதை கடல் கடந்தும் மலை கடந்தும் சீனம் சென்றது. அங்கே அதன் பெயர் 'பூகுஜி'. அப்பெயரை எழுதும் சீன எழுத்துகளுக்கு 'எலும்பை வலுவாக்கும் பிசின்' என்பது போன்ற பொருள் உண்டு. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான 'பென்சாவ் காங்மு' என்னும் பெரும் மருந்து நூலில், அயல்நாட்டார் இதனைப் 'போகுஜி' என்று அழைப்பதாக லீ ஷிஜென் குறித்துள்ளார். பாகுசி என்ற ஒலி அதில் தெளிவாகக் கேட்கிறது. சரக்கோடு பெயரும் பயணப்பட்டிருக்கிறது; போன இடத்தில் பெயருக்குப் புதிய பொருளும் கிடைத்துவிட்டது.

ஐரோப்பியர் இட்ட பெயரோ வேறு வகை. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இச்செடிக்குச் 'சோரலியா கோரிலிஃபோலியா' என்று பெயரிட்டார். சோரலியா என்பது சொறி பிடித்தது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. செடியெங்கும் புள்ளி புள்ளியாகக் காணப்படும் எண்ணெய்ச் சுரப்பிகள் சொறியைப் போலத் தோன்றியதே காரணம். தோல்நோய்க்கு மருந்தாகும் செடிக்குச் சொறிச்செடி என்ற பெயர் வாய்த்தது ஒரு விநோதம். இன்று தாவரவியலார் அதனைக் 'கல்லென்' என்ற வேறொரு பேரினத்திற்கு மாற்றிவிட்டனர். ஆனால் பழைய பெயர் ஒரு வேதிப்பொருளின் பெயருக்குள் புகுந்து நிலைத்துவிட்டது. அதனைப் பின்னர் காண்போம்.

பொடியும் தைலமும்

நம் மரபில் கார்போகரிசி தோலைச் சென்றடைந்த வழிகள் இரண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பின்வரும் கதை விளங்கும்.

முதல் வழி, வீட்டுப் பெண்களின் வழி. நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் கார்போகரிசி பல சரக்குகளுள் ஒன்று. பயறும் கடலைப்பருப்புமே மாவின் பெரும்பகுதி, மணச்சரக்குகள் அடுத்து, கார்போகரிசி கைப்பிடிக்கும் குறைவு. வெயிலில் உலர்த்தி, அரைத்து, சலித்து வைத்த இம்மாவை நீரில் குழைத்துத் தேய்ப்பார்கள். சில நிமிடங்களில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். விதையிலுள்ள முக்கியப் பொருட்கள் எண்ணெயில் கரைபவை, நீரில் எளிதில் இறங்காதவை. எனவே நீரில் குழைத்த பொடியிலிருந்து சிறிதளவே தோலைச் சேரும். அதிலும் பெரும்பகுதி கழுவலோடு போய்விடும்.

இரண்டாவது வழி, வைத்தியரின் வழி. அவர் விதையை எண்ணெயில் காய்ச்சினார். தைலம் காய்ச்சும் முறைக்குச் சார்ங்கதர சம்ஹிதை ஒரு பொது அளவு கூறுகிறது. அரைத்த மருந்து விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயம் முதலிய நீர்ப்பொருள் பதினாறு பங்கு. எண்ணெயை விட நான்கு மடங்கு நீர் எதற்கு என்று தோன்றலாம். நீர் இருக்கும் வரை பாத்திரத்தின் வெப்பம் நீரின் கொதிநிலையை வெகுவாகத் தாண்டாது; மருந்து கருகாது. நீரில் கரைவன நீரிலும், எண்ணெயில் கரைவன எண்ணெயிலும் நிதானமாக இறங்கும். நீர் முழுதும் வற்றிய பின் எஞ்சுவது நெடுநாள் கெடாத எண்ணெய். அது முடிந்ததா என்பதை அறியக் கடிகாரமோ வெப்பமானியோ இல்லை. அடியில் தங்கிய விழுதை விரலால் உருட்டிப் பார்த்தார்கள். மெழுகைப் போல் திரண்டால் மெழுகு பதம்; மணலைப் போல் உதிர்ந்தால் மணல் பதம். திரியில் நனைத்துக் கொளுத்திப் பார்த்தால் படபடவென ஓசை எழக் கூடாது. எழுந்தால் உள்ளே நீர் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

இந்த எண்ணெயில் விதையின் இரு குணங்களும் செறிந்து இறங்கிவிடும். ஆகவேதான் அது அழகுக்கான பூச்சாக அல்லாமல் நோய்க்கான மருந்தாகவே கருதப்பட்டது. மருந்தாக்குவதற்கு முன் விதையைக் கோமூத்திரத்திலோ இஞ்சிச் சாற்றிலோ நாட்கணக்கில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தும் 'சுத்தி' முறையையும் மருத்துவ மரபு வகுத்திருந்தது. சுத்தி வேண்டும் என்று சொல்லப்பட்ட சரக்குகள் பெரும்பாலும் நஞ்சோ கடுமையோ உள்ளவை. கார்போகரிசியை அந்த வரிசையில் வைத்ததே ஓர் எச்சரிக்கை எனலாம்.

வெயிலின் பங்கையும் பழைய வைத்தியர்கள் அறிந்திருந்தனர். சரக சம்ஹிதையின் தோல்நோய் அத்தியாயத்தில் வெண்புள்ளிக்கு ஒரு சிகிச்சை வருகிறது. அங்கே மருந்து பாகுசியன்று. மலபூ எனப்படும் பேயத்தியின் சாறு. அதனை வெல்லத்துடன் பருகிய நோயாளி, உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு, தன் வலிமைக்கு ஏற்ப வெயில் காய வேண்டும். பின்னர் வெண்புள்ளிகளின் மேல் கொப்புளங்கள் எழுந்தால் அவற்றை முள்ளால் குத்தி நீரை வடித்துவிட வேண்டும். மருந்து, வெயில், கொப்புளம் ஆகிய மூன்றும் ஒரே தொடரில் வருவதைக் கவனிக்க வேண்டும். அத்தி இனத்திலும் கார்போகரிசியிலுள்ள அதே வகைப் பொருட்கள் உண்டு என்பதை இன்றைய வேதியியல் கூறுகிறது. கொப்புளம் சிகிச்சையின் விபத்தன்று, எதிர்பார்த்த அடையாளம்.

நைல் நதிக்கரையின் சாட்சி

இதே அறிவு இந்தியாவுக்கு வெளியேயும் தோன்றியது என்பது கதைக்கு வலுச் சேர்க்கிறது. எகிப்தில் நைல் சமவெளியில் 'அம்மி மாஜஸ்' என்றொரு செடி களையாக வளர்கிறது. கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கார்போகரிசிக்கு உறவே இல்லாதது. அதன் விதையை உண்டு, வெண்புள்ளி உள்ள இடத்தை வெயிலில் காட்டும் சிகிச்சையை, 1248ஆம் ஆண்டு மறைந்த மூலிகையறிஞர் இப்ன் அல்பைத்தார் தம் நூலில் விவரித்துள்ளார். வட ஆப்பிரிக்கப் பெர்பர் குலம் ஒன்று இதனைக் குடும்ப ரகசியமாகக் காத்து வந்ததாக அவர் குறிப்பிடுகிறார்.

அந்த ரகசியம் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆய்வுக்கூடம் ஏறியது. 1947ஆம் ஆண்டில் எகிப்திய அறிஞர்கள் ஃபஹ்மியும் அபூ ஷாதியும் அம்மி விதையிலிருந்து படிகப் பொருட்களைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே கெய்ரோவில் எல் மோஃப்தி என்னும் தோல் மருத்துவர் அவற்றைக் கொண்டு வெண்புள்ளி நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த முடிவுகளை வெளியிட்டார். இரண்டு நாகரிகங்கள், உறவற்ற இரண்டு செடிகள், ஒரே நோய், ஒரே வெயில். இரண்டிலும் பொதுவாக இருந்தது சோரலென் என்னும் வேதிக் குடும்பம். அக்குடும்பத்திற்குப் பெயர் தந்தது கெய்ரோவின் செடியன்று. சொறிச்செடி என்று லின்னேயஸ் பெயரிட்ட நம் கார்போகரிசியே.

ஆய்வுக்கூடத்தில் பிரிந்த இரட்டையர்

நம் நாட்டில் நவீன மருத்துவம் கார்போகரிசியைக் கவனித்தது அதற்கும் முன்பே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காள மருத்துவர் கனாய் லால் தே, விதையின் எண்ணெய்ப் பிசின் சாற்றைச் சாதாரணக் களிம்பில் நீர்க்கச் செய்து வெண்புள்ளிக்குப் பூசலாம் என்று பரிந்துரைத்தார். 1920களில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ராவும் அவர் தோழர்களும் இதனை மேலும் ஆராய்ந்தனர். 1933ஆம் ஆண்டில் இந்திய வேதியியலாளர்கள் விதையிலிருந்து சோரலெனைப் பிரித்து அறிவித்தனர்.

சோரலென் செய்வது இன்னதென்று இன்று நன்கு தெரியும். தட்டையான அதன் மூலக்கூறு, உயிரணுவின் மரபிழையில் ஏணிப்படிகளுக்கு இடையே நுழைந்து அமர்ந்துகொள்ளும். இருளில் அதனால் பெரிய தீங்கில்லை. வெயிலில் உள்ள நீண்ட அலை புறஊதாக் கதிர் பட்டவுடன் அது மரபிழையின் இரு பக்கங்களையும் பிணைத்துவிடும். உயிரணு இறக்கும், தோல் சிவந்து கொப்புளிக்கும், பின்னர் நிறமிகள் தூண்டப்பட்டு அவ்விடம் கறுக்கும். வெண்புள்ளியில் வேண்டப்படுவது அந்தக் கறுப்பே. 1974ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் சோரலென் மாத்திரையையும் அளந்து பாய்ச்சிய புறஊதா விளக்கையும் இணைத்துச் சொரியாசிஸ் நோய்க்குச் சிகிச்சை செய்தனர். சரகரின் வெயிலுக்குப் பதில் விளக்கு. அவ்வளவே வேறுபாடு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அளவு என்பது சிறிய வேறுபாடன்று. அளந்து தந்தபோதும் இச்சிகிச்சையை நெடுங்காலம் பெற்றவர்களிடம் தோல் புற்றுநோய் கூடியதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதனால் அம்மிச்செடிச் சோரலெனும் புறஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவன என்று உறுதியானவற்றின் வகுப்பில் வைத்துள்ளது.

விதையின் மற்றொரு குணம் வெளிப்பட மேலும் 33 ஆண்டுகள் ஆயின. 1966ஆம் ஆண்டில் கோவர்தன் மேத்தா, நாயக், சுக் தேவ் ஆகிய இந்திய வேதியியலாளர்கள் இதே விதையின் எண்ணெயிலிருந்து புதியதொரு பொருளைப் பிரித்து, அதன் வடமொழிப் பெயராலேயே பாகுச்சியால் என்று அழைத்தனர். சோரலெனோடு இதற்கு அமைப்பு ஒற்றுமை இல்லை. வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் குணமும் இல்லை. ரெட்டினாலோடும் அமைப்பு ஒற்றுமை இல்லை. எனினும் தோலில் ரெட்டினால் தூண்டும் மரபணுக்கள் பலவற்றை இதுவும் தூண்டுவதாக 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. 2019ஆம் ஆண்டில் பிரித்தானியத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில் 44 பேர் பன்னிரண்டு வாரங்கள் கலந்துகொண்டனர். ஒரு சாரார் 0.5 விழுக்காடு பாகுச்சியாலை நாளுக்கு இருமுறையும், மறு சாரார் அதே அளவு ரெட்டினாலை ஒருமுறையும் பூசினர். சுருக்கமும் கருமையும் குறைவதில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. செதில் உதிர்தலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியோரிடம் மிகுதியாக இருந்தன. 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆயினும் சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் பூசப்பட்டது கார்போகரிசியின் எண்ணெயன்று. அதிலிருந்து பிரித்துத் தூய்மை செய்த பாகுச்சியால். அதற்குக் கிடைத்த நற்சான்றிதழ் அந்தத் தூய பொருளுக்கு மட்டுமே செல்லும், விதைக்குச் செல்லாது.

களிம்புக்குள் நீர் புகுந்த கதை

பொடியையும் தைலத்தையும் கண்டோம். இன்றைய வீட்டு லோஷன் இவ்விரண்டும் அன்று. அது மூன்றாவதொரு வடிவம். அதன் வரலாறு மேற்கே தொடங்குகிறது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், தேன்மெழுகை ரோஜா எண்ணெயில் உருக்கி, அதில் சிறிது சிறிதாக நீரைக் கலந்து அடித்து ஒரு களிம்பு செய்தார். பூசியவுடன் அதிலுள்ள நீர் ஆவியாகித் தோலைக் குளிரச் செய்யும். இன்றும் 'கோல்ட் கிரீம்' என்று நாம் அழைப்பதன் மூதாதை அது. ரோஜா எண்ணெய் என்றது வாலையில் இறக்கிய அத்தர் அன்று. ஒலிவ எண்ணெயில் ரோஜா இதழ்களை ஊறவைத்துப் பிழிந்து, மீண்டும் புதிய இதழ்களை இட்டு ஊறவைத்துச் செய்தது. தாவரத்தின் சத்தை எண்ணெயில் இறக்குவது, அந்த எண்ணெயை நீரோடு இணக்கிப் பூசத்தக்கதாக்குவது என்னும் இரு வேலைகளும் அக்களிம்பில் ஒன்றுசேர்ந்தன. வீட்டில் லோஷன் செய்வோர் இன்றும் செய்வது இவ்விரண்டையே.

காலெனின் களிம்பில் ஒரு குறை இருந்தது. மெழுகு மட்டும் எண்ணெயையும் நீரையும் நெடுநாள் பிணைத்து வைக்காது. பிற்காலத்தில் வெங்காரம் சேர்த்தனர். அது மெழுகிலுள்ள அமிலங்களோடு கூடி ஒருவகைச் சோப்பாகி இரண்டையும் பிணைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து ஜெர்மானியர் செய்த பிணைப்பான் ஒன்று, 1911ஆம் ஆண்டில் நிவியா களிம்பாகக் கடைக்கு வந்தது. நீரும் எண்ணெயும் பிரியாத களிம்பைப் பெருமளவில் செய்து விற்க முடிந்தது இதற்குப் பின்னரே.

நீர் உள்ளே வந்ததும் இரு மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, கெடுதல். நம் நலங்கு மாவு உலர்ந்த பொடி. தைலம் நீர் வற்றக் காய்ச்சியது. இரண்டிலும் நீர் இல்லை. ஆதலால் நுண்ணுயிர் எளிதில் வளராது. நீர் கலந்த லோஷனிலோ, பாதுகாப்புப் பொருள் சேர்க்காவிடில் சில நாட்களிலேயே பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதற்கு முன்பே குடியேறும். இரண்டாவது, தங்குதல். பொடி கழுவப்படும். வைத்தியரின் தைலம் குறித்த இடத்தில் குறித்த காலம் மட்டும் பூசப்படும். லோஷன் முகம் முழுதும் பரவி, நாள் முழுதும் தங்கி, அதனோடே நாம் வெயிலில் இறங்குவதற்காகச் செய்யப்படுவது. தோலுக்குள் பொருளைக் கொண்டு சேர்ப்பதே அதன் திறமை.

மீண்டும் வீட்டுக்குள்

இப்போது மூன்று இழைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கலாம்.

வீட்டில் லோஷன் செய்ய விரும்பும் ஒருவர், பாகுச்சியால் நல்லது என்று படிக்கிறார். அது கார்போகரிசியிலிருந்து வருவது என்றும் படிக்கிறார். தூய பாகுச்சியால் விலை மிகுந்தது; கார்போகரிசி எண்ணெயோ நாட்டுமருந்துக் கடையில் மலிவாகக் கிடைப்பது. விதையை வாங்கித் தாமே நல்லெண்ணெயில் ஊறவைக்கவும் செய்யலாம். நம் பாட்டி பூசியதுதானே என்ற துணிவும் சேர்ந்துகொள்கிறது. அந்த எண்ணெயை லோஷனில் கலந்து காலையில் முகத்தில் பூசி வெளியே செல்கிறார்.

அவர் பூசியது பாட்டியின் நலங்கு மாவும் அன்று, ஆய்வாளர்களின் பாகுச்சியாலும் அன்று. அது வைத்தியரின் வெண்புள்ளி மருந்து. சோரலென் அதில் நிறைந்திருக்கிறது. சரகர் எதிர்பார்த்த கொப்புளம் அவர் முகத்தில் எழக்கூடும். இக்கொப்புளம் உடனே தோன்றுவதுமில்லை. வெயில் பட்டு ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சமடையும். ஆதலால் காரணம் லோஷன்தான் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. கொப்புளம் ஆறிய பின்னும் கருந்தழும்பு வாரங்களாக, சில வேளை மாதங்களாக நிற்கும். இக்கதிர் கண்ணாடிச் சன்னலையும் ஊடுருவி வருவது. ஆகவே வீட்டுக்குள் இருந்தோம் என்பதும் முழுக் காப்பாகாது.

ஐரோப்பாவும் இப்பாடத்தை ஒருமுறை கற்றது. கொலோன் நகரில் 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற மணநீரில் பெர்கமாட் என்னும் நாரத்தை இனப் பழத்தோலின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. அதைக் கழுத்தில் தெளித்துக்கொண்டு வெயிலில் சென்ற பெண்களுக்கு, நீர் வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள் தோன்றுவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் கவனித்தனர். கழுத்தணியின் பதக்கம் போலத் தொங்கிய அக்கறைக்குப் பதக்கத்தின் பெயரையே சூட்டினர். காரணம் பெர்கமாட்டில் இருந்த ஒரு சோரலென் வகைப் பொருள். பின்னர் அதை நீக்கிய எண்ணெயையே மணநீர்த் தொழில் நாடியது. எலுமிச்சை இனத்தின் சாற்றிலும் தோலிலும் இவ்வகைப் பொருட்கள் உண்டு. முகப்பொலிவுக்கு எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் நிற்பதும் இதே காரணத்தால் தவறாகும்.

நலங்கு மாவு எல்லார்க்கும் தீங்கற்றது என்பது நம் வாதமன்று. கார்போகரிசி கூடினாலோ, கழுவாமல் வெயிலில் நின்றாலோ அதுவும் சுடலாம். தூய பாகுச்சியாலைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. லோஷனில் சேர்க்க விரும்புவோர், சோரலென் நீக்கப்பட்டது என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட தூய பொருளை, ஆய்வில் பயன்பட்ட 0.5 விழுக்காட்டை ஒட்டிய அளவில், எண்ணெய்ப் பகுதியோடு சேர்க்கலாம். நூறு கிராம் லோஷனுக்கு அது அரை கிராம். சமையலறைக் கரண்டியில் அளக்கக்கூடியதன்று. நுண்ணிய தராசு வேண்டும். நீர் சேர்ந்த லோஷனாயின் பாதுகாப்புப் பொருளும் வேண்டும். விதையின் எண்ணெயை மட்டும் அழகுப் பூச்சாகக் கொள்ள வேண்டா. வெண்புள்ளி உடையோர் அதனை மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடவும் வேண்டா.

நம்முடைய வருத்தம் ஒன்றே. வீட்டுமுறைகளை எழுதிவைப்போர் பெரும்பாலும் சரக்குகளின் பட்டியலையே எழுதுகிறார்கள். 'கார்போகரிசி 25 கிராம்' என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. மாவு எவ்வளவு நேரம் உடலில் இருந்தது, எப்போது கழுவப்பட்டது, குளித்தபின் வெயிலில் சென்றார்களா, தைலம் யாருக்கு மட்டும் தரப்பட்டது, விதை எத்தனை நாள் எதில் ஊறியது என்பன ஏறுவதில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு அவை செய்பவர் கைக்குப் பழகியிருந்தன. கை மறைந்தபோது அவையும் மறைந்தன. ஆய்வுக்கூடம் விதையிலிருந்து பொருளைப் பிரித்தது. நாமோ சரக்கைச் செய்முறையிலிருந்து பிரித்துவிட்டோம். முன்னதைப் பிரித்தவர்கள் எதை நீக்கினோம் என்று குறித்து வைத்தார்கள். நாம் அதையும் செய்யவில்லை.

பழைய முறைகளைச் சேகரிக்கும் நண்பர்கள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. முதியவர்களிடம் அமர்ந்து கேட்கும்போது என்ன சேர்ப்பீர்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், யாருக்குச் சேர்க்க மாட்டீர்கள், எப்போது கழுவுவீர்கள், எந்தப் பருவத்தில் தவிர்ப்பீர்கள் என்றும் கேட்டு எழுதினால், பட்டியலுக்கு வெளியே விழுந்துகொண்டிருக்கும் அறிவில் ஒரு பகுதியேனும் தப்பும். கார்போகரிசியைப் போல் இரு குணம் கொண்ட சரக்குகள் நாட்டுமருந்துக் கடையின் பெட்டிகளில் இன்னும் பல இருக்கின்றன.